கம்பி கட்டாமல் விழுந்த குதிரை

இப்போதெல்லாம் ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே யாரும் மூச்சுக்கூடப் பலமாக விடக்கூடாது. போன மாதம் பழைய பழக்கம் விடாமல் ஒரு படப்பிடிப்பைப் பார்க்கப் போயிருந்தேன். சரியாக நாயகி காதலைச் சொல்லும் நேரத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. ஒலிப்பதிவு இன்ஜினியர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓய்வு பெற்றவன் வீட்டோடு கிடந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. நல்ல மனுஷர், அப்புறம் தேநீர் குடிக்கும்போது அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உங்கள் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, ஊமைப்படம் எடுக்கும்போது எல்லாம் அமைதியாக நடந்திருக்கும் என்றார். நான் சிரித்ததில் தேநீர் இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியில் கொட்டிவிட்டது.

ஊமைப்படம் திரையில்தான் ஊமை. எடுக்கிற இடம் மீன் சந்தை. நாயகிக்கு அழுகை வரவேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் நின்று பிடில் வாசிப்பார். வில்லன் கத்தியை ஓங்கும்போது "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று நாலு பேர் கத்துவார்கள். காதல் காட்சிக்குப் பத்தடி தள்ளி மத்தியானச் சமையலுக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். அந்த இன்ஜினியரிடம் நான் ஒரே ஒரு நாள் கதையைத்தான் சொன்னேன். அவர் அதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எழுதுகிறேன்.

என் பெயர் வேலு. சுவரொட்டியில் பர்மியப் பெயராக்கி 'கோ வே' என்று போடுவார்கள். இன்றைக்கு அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது. அப்பா ரங்கூன் பந்தயத் திடலில் குதிரைக்காரர். அம்மா பர்மியப் பெண், பசுந்தாங் சந்தையில் கருவாடு விற்றாள். பள்ளிக்கூடம் எனக்கும் ஒத்துவரவில்லை, பள்ளிக்கூடத்துக்கு நானும் ஒத்துவரவில்லை. அப்பா போனபிறகு அவர் பார்த்த லாயத்து வேலையிலேயே சேர்ந்துகொண்டேன்.

அப்போது ரங்கூன் கொட்டகைகளில் அமெரிக்கக் கவ்பாய் படங்கள் வந்து குவியும். பெரிய தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி, பாய்ச்சல். பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு ட்ராமில் ஏறவே மனம் வராது. நான் தரை டிக்கட்டில் உட்கார்ந்து, இவன் கடிவாளத்தைப் பிடிக்கிற அழகைப் பார், அவன் குதிரையின் வாயைக் கிழிக்கிறான் பார் என்று பக்கத்தில் இருப்பவர்களைப் படம் பார்க்க விடமாட்டேன். எல்லாருக்கும் அந்தக் கதாநாயகர்கள் தெய்வம். எனக்கு அவர்கள் வேறு லாயத்து ஆட்கள்.

ஊ சான் பே என்பவர் லத்தா வட்டாரத்தில் ஒரு சீனர் கடை மாடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நம் ஊரிலேயே ஒரு கவ்பாய் படம் எடுத்தால் என்ன என்று அவருக்கு ஆசை. ஷான் மலைப்பக்கம் மாடு திருடும் கூட்டம், அதைத் துரத்தும் தனி ஆள் என்று கதை வைத்திருந்தார். குதிரை ஏறத் தெரிந்தவனைத் தேடி லாயத்துக்கு வந்தார். என் முகத்தை இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி. நாளைக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சில வருஷங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். முதலில் திருடர் கூட்டத்தில் ஒருவன். பிறகு நாயகன் குதிரை ஏறும்போது மட்டும் அவனுடைய முதுகு. பிறகு ஒரு நாயகன் குதிரையைக் கண்டு பயந்து ஓடிப்போனதால் நானே நாயகன். எனக்குத் தைத்த தோல் பூட்சு பெரிதாகப் போய்விட்டது, செய்தித்தாளை அடைத்துக்கொண்டு நடித்தேன். தொப்பி முதல் மழையிலேயே தொய்ந்து காதுவரை இறங்கிவிட்டது. ஷான் குதிரை குட்டையானது. நான் ஏறி உட்கார்ந்தால் கால் தரையைத் தொட்டுவிடும்போல் இருக்கும். அதனால் காமிராவுக்கு ஒரு குழி தோண்டி, கீழேயிருந்து மேலே பார்த்து எடுப்பார்கள். அப்படி எடுத்த படத்தில் நான் அசல் கவ்பாய்களைவிட உயரமாகத் தெரிவேன். சந்தையில் என்னை நேரில் பார்த்த பெண்கள் ஏமாந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊ சான் பேயை எல்லாரும் 'சயா' என்போம். பர்மியத்தில் ஆசிரியருக்கும் சொல்லலாம், மதிப்புக்குரிய யாருக்கும் சொல்லலாம். தலையில் கௌங்பௌங் என்கிற பட்டுத் தலைப்பாகை, கையில் கறுப்புக் குடை, வாயில் வெற்றிலை. சத்தம் போட்டுப் பேசுவது அவருக்கு அருவருப்பு. சுற்றிலும் எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் குடையோடு ஓரமாக நிற்பார். குடையை விரித்தால் காமிரா சுற்ற ஆரம்பிக்க வேண்டும். மடக்கினால் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் அவருடைய டைரக்‌ஷன். வெயில் கொளுத்தினாலும் காட்சி இல்லாத நேரத்தில் குடையை விரிக்கமாட்டார், தலை வெந்துகொண்டு நிற்பார். நன்றாக நடித்தாய் என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. நன்றாக இல்லையென்றால் வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி குடையை விரிப்பார். துப்பவில்லையென்றால் நாம் தேறிவிட்டோம் என்று அர்த்தம்.

காமிரா பிடித்தவர் பசுந்தாங்கில் குடியிருந்த அந்தோணி அண்ணன். காமிராவின் பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் உள்ளே பிலிம் ஓடும். ஒரே சீராகச் சுற்ற வேண்டும், கை தடுமாறினால் திரையில் மனிதர்கள் தத்துவார்கள். சீர் தவறாமல் இருக்க அண்ணன் மாதாகோவில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவார். குதிரைப் பாய்ச்சல் என்றால் பாட்டை இழுத்துப் பாடுவார். மெதுவாகச் சுற்றினால் திரையில் வேகம் கூடும். நான் திருடர்களைத் துரத்திய வேகத்தில் பாதி அந்தோணி அண்ணனுடையது.

இனி ரோஜாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோஜா பந்தயத்தில் தோற்றுத் தோற்று எங்கள் கம்பெனிக்கு வந்த பெண்குதிரை. அமெரிக்கப் படங்களில் குண்டு பட்டதும் குதிரை தலைகுப்புற விழும், பார்த்திருப்பீர்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கப்பலில் வேலை பார்த்த ஒருவன் சயாவிடம் சொல்லியிருந்தான். முன்னங்கால்களில் மெல்லிய கம்பியைக் கட்டி, மறுமுனையைத் தரையில் முளையடித்துக் கட்டிவிட வேண்டும். குதிரை பாய்ந்து ஓடும், கம்பியின் நீளம் முடிந்ததும் கால்கள் இழுபட்டு விழும். திரையில் கம்பி தெரியாது. சொன்னபடியே செய்தோம். ரோஜா விழுந்தது. நான் தூரப் போய் விழுந்து, தோள்பட்டை விலகி எழுந்தேன். ரோஜா எழ முயன்று முயன்று பார்த்தது. முன்னங்கால் முறிந்து தொங்கியது. லாயத்து வைத்தியர் வந்து சுடும்வரை அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்சிக்குக் கொட்டகையில் விசிலடித்தார்கள். நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனி கம்பி கட்டிய குதிரைமேல் ஏறமாட்டேன். அதோடு இன்னொன்றும் தோன்றியது. கட்டாதே என்று சொல்ல வேண்டுமானால் சொல்கிற இடத்தில் நான் இருக்க வேண்டும். அடுத்த படத்துக்குக் கதை என்னுடையது, எடுப்பதும் நானே, நீங்கள் குடை பிடித்தால் போதும் என்று சயாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் வெற்றிலை மென்றார். துப்பவில்லை.

கதை சின்னது. மாடு திருடர்களால் சுடப்பட்டு ஒருவனுடைய குதிரை சாகிறது. அவன் அங்கிருந்து நடந்தே போய்ப் பழி வாங்குகிறான். பணம் போட ஒப்புக்கொண்டவர் பசுந்தாங் ஓடைக்கரையில் அரிசி ஆலை வைத்திருந்தவர். மில்காரர் என்றே சொல்வோம். அவருக்குக் கதையில் அக்கறையில்லை. குதிரை ரோஜாவைப்போல விழுமா என்று மட்டும் கேட்டார். விழும், ஆனால் கம்பி இல்லாமல் விழும் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் சயாவைப் பார்த்தார். மழை தொடங்குவதற்குள் கம்பி இல்லாமல் விழவைத்துக் காட்டட்டும், முடியாவிட்டால் கம்பியைக் கட்டி, வேறு ஆளை ஏற்றி எடுத்துவிட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். படமும் போகும், குதிரையும் போகும். எனக்கு அது தெளிவாகவே புரிந்தது.

குதிரையின் பெயர் சீனி. வெளிர்நிற ஷான் குதிரை. தன்யெ என்கிற பனைவெல்லத்துக்கு உயிரையும் கொடுக்கும். மில்களுக்குப் பின்னால் உமி மலைமலையாகக் கிடக்கும், அங்கேதான் எங்கள் பள்ளிக்கூடம். முதலில் நிற்கிற குதிரையின் ஒரு முன்னங்காலைத் துணியால் மடக்கிக் கட்டி, கடிவாளத்தை ஒரு பக்கமாக மெல்ல இழுத்து, முழங்காலால் தோளை அழுத்தி உமியில் சாய்ப்பேன். சாய்ந்து கிடந்தால் வெல்லம். பிறகு துணி இல்லாமல். பிறகு நடக்கும்போது. பிறகு மெல்ல ஓடும்போது. பயந்தால் அன்றைக்குப் பாடம் கிடையாது, சும்மா வெல்லம் கொடுத்துக் கூட்டிப்போய்விடுவேன். கோபக்காரனான நான் சீனியிடம் மட்டும் குரலை உயர்த்தவில்லை. என் மனைவிக்கு இதில் இன்றுவரை மனத்தாங்கல் உண்டு.

காமிராவின் கடகட சத்தத்தில் சில குதிரைகள் மிரளும். அதனால் அந்தோணி அண்ணன் ஒரு யோசனை சொன்னார். பிலிம் போடாத காமிராவை உமி மேட்டுக்குக் கொண்டுவந்து, சீனி சாயும்போது சுற்றுவார். நான் வெல்லத்தை எடுக்கும்போது நிறுத்துவார், சீனி எழுந்துவிடும். சும்மா ஓடும் நேரத்தில் எதற்குச் சுற்றிக் கையை வலிக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதெல்லாம் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். சீனி கொஞ்சமும் மிரளவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

மிங்கலாடோன் பக்கம் அப்போது செம்மண் வெளியும் முட்புதரும்தான். காட்சிக்கு அந்த இடத்தைப் பிடித்தோம். சீனி விழவேண்டிய இடத்தில் பள்ளம் வெட்டி, உமியை நிரப்பி, மேலே செம்மண்ணைத் தூவி வைத்தோம். பக்கத்தில் ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. நம் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் வரிசையாக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டே திமிசுக் கட்டையால் சரளையை இடித்துக்கொண்டிருந்தார்கள். வானம் மேற்கே கறுத்திருந்தது. இன்றைக்கு எடுக்காவிட்டால் மழைக்குப் பிறகுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மில்காரர் காரில் வந்து இறங்கினார். காரின் பின் இருக்கையில் கம்பிச் சுருள் இருந்தது.

முதலில் வெறும் பாய்ச்சல். தூரத்திலிருந்து பாய்ந்து வந்து காமிராவைக் கடந்து போகவேண்டும், அவ்வளவுதான். ரோடு வேலைக்காரர்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்ததால் வெளி அமைதியாக இருந்தது. சயா குடையை விரித்தார். அந்தோணி அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். சீனி காதை விறைத்தது, நாலெட்டு வைத்தது, வெறும் தரையில் அழகாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. படுத்தபடியே திரும்பி வெல்லம் எங்கே என்று என்னைப் பார்த்தது.

மறுபடி எடுத்தோம். மறுபடி படுத்தது. காமிராவைத் தள்ளி வைத்தோம். சத்தம் காதில் விழுகிற தூரம் வந்ததும் படுத்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் புரைக்கேறச் சிரித்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் கடிவாளத்தை இழுத்ததையும் முழங்காலால் அழுத்தியதையும் சீனி ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கவில்லை. காமிரா சத்தம் கேட்டால் படுக்க வேண்டும், சத்தம் நின்றால் எழுந்து வெல்லம் வாங்க வேண்டும். உமி மேட்டில் அது படித்த பாடம் அதுதான். நானும் அந்தோணி அண்ணனும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம்.

மில்காரர் சிரிக்கவில்லை. காருக்குப் போய்க் கம்பிச் சுருளை எடுத்து வந்து சயாவின் காலடியில் போட்டார். தன் டிரைவரிடம் முளையடிக்கச் சொன்னார். சயா எதுவும் பேசவில்லை. பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசலாம். அவருடைய மௌனத்தோடு எப்படிச் சண்டை போடுவது? சீனி என் சட்டைப் பையை மூக்கால் முட்டிக்கொண்டிருந்தது. பையில் வெல்லம் இருக்கிற வாசனை அதற்கு. முளை அடிக்கும் சத்தம் எனக்கு.

அந்த நேரம் சரளை ஏற்றிய லாரி ஒன்று இரைந்துகொண்டு வந்து நின்றது. அந்தோணி அண்ணன் காமிராவில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனி படுக்கவில்லை. லாரி இரைச்சலில் காமிரா அதற்குக் கேட்கவில்லை. லாரி அணைந்தது. சீனி படுத்தது.

நான் ஓடினேன். ரோடு வேலைக்காரர்களில் பாட்டெடுத்துக் கொடுக்கிறவள் முனியம்மா என்று ஒரு அக்கா. மேஸ்திரியின் மனைவி. அவள் ஒரு அடி பாடுவாள், மற்றவர்கள் வாங்கிப் பாடி இடிப்பார்கள். அவளிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். நான் தூரத்திலிருந்து குதிரையில் வரும்போது காது கிழியச் சத்தம் வேண்டும், அந்தச் செம்மண் தூவிய இடத்துக்கு வந்ததும் ஒரு சத்தமும் இருக்கக்கூடாது, எல்லாரும் ஒரே கணத்தில் நிறுத்த வேண்டும் என்றேன். அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நிறுத்தினா என்னா ஆவும் தம்பி?"

"குதிரை விழும்க்கா. அடிபடாம விழும். நிறுத்தலேன்னா அந்தாளு கம்பி கட்டிருவாரு. கட்டினா அது செத்துரும்."

அவள் சீனியைப் பார்த்தாள், முளையைப் பார்த்தாள்.

"நா வாய மூடுனா இங்க ஒருத்தரும் வாயத் திறக்கமாட்டாங்க. நீ போயி ஏறு."

சயாவிடம் வந்து சொன்னேன். ஓடுவதும் விழுவதும் ஒரே காட்சி, நடுவில் காமிராவை நிறுத்தவே வேண்டாம், ஒரு தடவை விடுங்கள் என்றேன். மில்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சயா கம்பிச் சுருளைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் நின்று குடையை விரித்தார்.

அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது. திமிசுக் கட்டை, மண்ணெண்ணெய் டின், சட்டி, மண்வெட்டி, லாரியின் ஹாரன், எல்லாவற்றுக்கும் மேலே முனியம்மாவின் குரல். அமெரிக்கத் தொப்பி போட்டுக்கொண்டு, ஷான் குதிரையில், ரங்கூன் ரோட்டுப் பாட்டுக்கு நான் பாய்ந்து வந்தேன். சீனி அதுவரை அப்படி ஓடியதே இல்லை. காற்றில் தொப்பி பறந்தது. செம்மண் தூவிய இடம் நெருங்கியது. இவர்கள் நிறுத்துவார்களா, நிறுத்தினாலும் இந்த வேகத்தில் சீனிக்குக் கேட்குமா?

முனியம்மா வாயை மூடினாள். வெளி முழுவதும் சட்டென்று அடங்கியது. குளம்புச் சத்தத்துக்கு நடுவே கடகடவென்று காமிரா எனக்கே கேட்டது. சீனியின் தோள் எனக்குக் கீழே இறங்கியது. உமி கண்ணிலும் வாயிலும் அடித்தது. உருண்டு போய்க் கிடந்தேன்.

கதைப்படி நான் மயங்கிக் கிடக்க வேண்டும், குதிரை செத்துக் கிடக்க வேண்டும், குடை மடங்கும்வரை இருவரும் அசையக்கூடாது. கண்ணை மூடிக் கிடந்தேன். சீனிக்கு அடிபட்டதா, கால் என்னவாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் காட்சி போச்சு. காட்சி போனால் கம்பி. ரோஜா என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மயங்கிக் கிடக்கிறவன் அழமாட்டான் என்று தெரிந்தும் என்னால் அடக்க முடியவில்லை.

குதிரை விழும் என்று முனியம்மாவிடம் சொன்னேனே தவிர, நானும் செத்தவன்போலக் கிடப்பேன் என்று சொல்லியிருக்கவில்லை. சற்று நேரம் பார்த்தார்கள். நானும் அசையவில்லை, குதிரையும் அசையவில்லை. "தம்பி போயிட்டான்டி" என்று யாரோ குரல் எடுத்தார்கள். அவ்வளவுதான். அத்தனை பெண்களும் மாரிலடித்துக்கொண்டு ஒரே குரலாக அழத் தொடங்கினார்கள். ஆண்கள் கத்திக்கொண்டு ஓடிவரப் பார்க்க, மேஸ்திரி மண்வெட்டியை நீட்டித் தடுத்தாராம். போச்சு, கெடுத்துவிட்டார்கள் என்று மனதுக்குள் பல்லைக் கடித்தேன். அப்போது என் சட்டைப் பைக்கருகில் வெதுவெதுப்பான மூச்சு பட்டது.

அழுகைச் சத்தத்தில் காமிரா சீனிக்குக் கேட்கவில்லை. நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறது. எழுந்துவிட்டது. உமியை உதறிக்கொண்டு, நொண்டாமல் நடந்து வந்து, வெல்லத்துக்காக என் பையை முட்டியது. நான் அசையாததால் முகத்தை முட்டியது. தோளை முட்டியது. கண் திறந்தேன். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். நடித்தேன் என்று சொல்லமாட்டேன். அதற்கெல்லாம் பிறகுதான் சயா குடையை மடக்கினார். நீங்கள் ஏன் முன்பே நிறுத்தவில்லை என்று அந்தோணி அண்ணனைக் கேட்டதற்கு, குடை மடங்கவில்லையே என்றார்.

அடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. லத்தா மாடியின் பின்னறையில் பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்த தண்ணீரில் சயா பிலிமைக் கழுவினார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நேரம் கழித்து, சொட்டச் சொட்ட ஒரு நாடாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சின்னச் சின்னக் கட்டங்களாக, ஓடுகிற சீனி, சாய்கிற சீனி, கிடக்கிற சீனி, எழுகிற சீனி. கதையில் குதிரை செத்தல்லவா போகிறது, எழுகிற பகுதியை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். குதிரை இறந்துவிட்டதாகத் திரையில் காட்டுவதற்குப் பெயிண்டர் எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்து அவர் அலமாரிக்குப் பின்னால் போட்டார்.

"கதைய மாத்திக்கோ," என்றார் பர்மியத்தில். "இதை வெட்ட என்னால ஆகாது."

அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் பாராட்டுக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

படம் வெளியான அன்றைக்கு முனியம்மா தன் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு தரை டிக்கட்டுக்கு வந்துவிட்டாள். மில்காரர் மேலே நாற்காலியில் இருந்தார். சயா வழக்கம்போலப் பின்சுவர் ஓரமாக நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். சீனி விழுந்தபோது விசில் பறந்தது. பிறகு விசில் அடங்கியது, அடுத்த காட்சிக்காகக் காத்திருந்தார்கள். குதிரை விழுந்தால் அதோடு அந்தக் காட்சி முடியும் என்பது எல்லாருக்கும் பழக்கம். ஆனால் காட்சி முடியவில்லை. விழுந்த குதிரை திரையிலேயே கிடந்தது. அப்புறம் தலையைத் தூக்கியது.

கொட்டகையில் எழுந்த கூச்சலில் திரைக்குப் பக்கத்தில் பியானோ வாசித்தவர் வாசிப்பதை விட்டுவிட்டார். முதலில் தரை, பிறகு பெஞ்சு, பிறகு நாற்காலி என்று மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்றது. சீனி என் முகத்தை முட்டியபோது வெள்ளைக்காரத் துரை ஒருவர் கைக்குட்டையை எடுத்ததை நான் பார்த்தேன். சீனி தேடியது வெல்லம், அவர் கண்டது விசுவாசம்.

மறுநாள் காலையில் மில்காரர் லத்தா மாடிக்கு ஏறி வந்தார். அடுத்த படத்துக்கும் தாமே பணம் போடுவதாகச் சொன்னார். குதிரை விழவேண்டும், அதைவிட முக்கியம், எழுந்திருக்க வேண்டும், ஜனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள், எழுகிற காட்சி இல்லாமல் எடுக்கவே கூடாது என்று விரலை ஆட்டி எங்களுக்கு நிபந்தனை போட்டார். கம்பி கட்டினால் எழுந்திருக்குமா என்று சயா மெல்லக் கேட்டார்.

மில்காரர் ஆட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"எழுந்திருக்காது," என்றார். "அப்ப கட்டாதீங்க."